வெண்கலக்கோட்டையின் நிழல்

"வாசல் வழியா வாங்கம்மா, செவுத்து மேல நடக்காதிய!" என்று குமரேசன் கத்தியபோது ஈரோட்டிலிருந்து வந்திருந்த அந்தப் பெண் ஏற்கெனவே ஒரு காலை மதிலின் மேல் வைத்துவிட்டிருந்தாள். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்து, குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கணவனையும் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு மதிலின் அடியை ஒட்டியே தெற்கே நடந்து, கரிய நிழலுக்குள் வளைவாக வெயில் விழுந்துகிடந்த இடத்துக்கு வந்து, அந்த வெளிச்சத்தின் வழியாக உள்ளே போனாள். உள்ளே போனதும் நால்வரும் பையைத் திறந்து ஸ்வெட்டர்களை எடுத்து மாட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் சினிமாவில் வெண்கலக்கோட்டை இருப்பது பனி கொட்டும் வடதேசத்தில்.

"படத்துல இந்தக் காத்தாடியெல்லாம் இல்லீங்களே?" என்றார் கணவர், பொட்டலைச் சுற்றி நின்ற காற்றாலைகளை அண்ணாந்து பார்த்து.

"அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டாவ அண்ணாச்சி. நானுங்கூட ஒரு சோல்ஜரு, என்னையுந்தான் அழிச்சிட்டாவ. அந்த இரும்புத் தொப்பி கடிச்ச தழும்பு மட்டும் இருக்கு" என்று குமரேசன் நெற்றியைக் காட்டினான். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். வள்ளியூர் ரயிலடியிலிருந்து வெண்கலக்கோட்டை பார்க்க வருகிறவர்களை இந்தச் சங்கன்பொத்தை ஊருக்கு ஏற்றிக்கொண்டு வருவதும் அவன்தான், சுற்றிக்காட்டுவதும் அவன்தான்.

"அந்தக் காவலன்?" என்றாள் பெண், கோயிலில் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தி.

"அங்கன, கெழக்க. மதிலு முடியுற எடத்துல பல்லுப் பல்லா தெரியுதுல்லா? அதுல நாலாவது பல்லுக்குப் பக்கத்துல ஈட்டி புடிச்சி நிக்காவ பாருங்க. மிதிச்சிராம தள்ளி நின்னு எடுங்க."

கோட்டை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அது பிளைவுட்டாலும் சாந்தாலும் தெர்மாகோலாலும் கட்டப்பட்ட கோட்டை என்பதும், வெண்கலக்கோட்டை படவரிசையின் மூன்றாம் பாகம் எடுத்து முடிந்ததும் அதைப் பிரித்து லாரிகளில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதும், போகிற அவசரத்தில் அதன் நிழலை எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசி லாரி போன மறுநாள் காலை சூரியன் எழுந்தபோது வெறும் பொட்டலின் மேல் கோட்டையின் நிழல் மேற்கே நீண்டு ரோட்டைத் தாண்டிக் கிடந்தது. உச்சி நேரத்தில் ஒரு கரிக்கோடாகச் சுருங்கியது. பிறகு மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்து, சாயங்காலம் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற வேளையில் ஊரின் முதல் வீடுவரை வந்தது. முதலில் ஆடுகள் போய்ப் படுத்தன. ஆடுகளைத் தேடிப் போனவர்களும் சற்று உட்கார்ந்துவிட்டு வந்தார்கள்.

மரம் என்று சொல்ல ஒன்றிரண்டு உடைமரங்களைத் தவிர வேறில்லாத அந்த ஊருக்கு அவ்வளவு பெரிய நிழல் அதற்கு முன் வாய்த்ததில்லை, ஆகவே அது எங்கிருந்து விழுகிறது என்று ஆராய்வதைவிட அதில் எதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதிலேயே ஊரார் முதல் வருஷத்தைக் கழித்தார்கள். வடக்குக் கோபுரத்து நிழலில் பெண்கள் முருங்கைக்கீரையைப் பரப்பினார்கள், வெயில் படாமல் காய்கிற கீரைக்குத்தான் பொடிக் கம்பெனிக்காரன் நல்ல விலை கொடுப்பான் என்பதால். தெற்குக் கோபுரத்தடியில் கல்யாணப் பந்தியும் கருமாதிப் பந்தியும் நடந்தன. ரேஷன் கடை வரிசை மதிலோடு வளைந்து நின்றது. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை கொதிக்கிற மாதங்களில் பரீட்சை அங்கேதான், ஒவ்வொரு மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து பலகைகளைத் தூக்கிக்கொண்டு நிழலோடு கிழக்கே ஓரிரு எட்டு நகர்ந்து உட்காருவார்கள். தாசில்தார் ஒருநாள் ஜீப்பில் வந்து நின்று பார்த்துவிட்டு, நிழல் புறம்போக்கில்தான் விழுகிறது, ஆட்சேபம் இல்லை என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். மதிலைக் குறுக்கே மிதித்து நடப்பது கூடாது, எந்த அவசரமானாலும் வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும் என்பதை யார் சொன்னது என்று தெரியாது. கொஞ்ச நாளில் மாடுகள்கூட அப்படித்தான் போயின.

அந்த மோர்க்கடை செல்லவடிவுடையது. மதிலின் உட்புறம், காவலனின் நிழல் விழுகிற இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், பானையும் தம்ளர்களும் நீல பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஒரு எலுமிச்சைக் கூடையுமாக அவள் மத்தியானத்திலிருந்து நிற்பாள். ஸ்டூலில் அவள் உட்கார்ந்ததில்லை. நிழல் பொட்டலில் விழத் தொடங்கிய நாளிலிருந்து, அவன் மதில்மேல் நிற்கிற நேரத்தில் அவளும் நின்றுகொண்டுதான் இருந்தாள். மழை மூட்டத்தால் நிழல் விழாத நாட்களில் மட்டும் வீட்டில் உட்கார்ந்து பருப்பு புடைப்பாள். உட்காருங்க யக்கா என்று ஆரம்பத்தில் சொன்னவர்கள் பிறகு சொல்வதை விட்டுவிட்டார்கள்.

நிழலில் நின்ற காவலன் அவள் புருஷன் பலவேசம்.

அவனைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வந்தார்கள். மூன்றாம் பாகத்தின் கடைசியில் கோட்டை வீழ்ந்து, அரசி யாளியின் முதுகில் ஏறிப் பறந்துபோன பின்பு, எல்லாக் காவலர்களும் ஓடிவிட்ட மதிலில் ஒருவன் மட்டும் பனி கொட்டக் கொட்ட அசையாமல் நிற்கிறான், சில நொடிகள்தான். ஆனால் அந்தச் சில நொடிகளைப் பற்றிச் சீமையெங்கும் பேசினார்கள். அவன்தான் அரசியின் காணாமல்போன அண்ணன் என்றார்கள். கல்லாகச் சபிக்கப்பட்டவன் என்றார்கள். வருகிறவர்கள் வடிவிடம் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே இதையெல்லாம் சொல்வார்கள். "இமைகூட ஆடலீங்க, பாத்தீங்களா?" என்பார்கள். "ஆமா, அப்படித்தான் நின்னாவ" என்பாள் வடிவு. அதற்குமேல் அவள் சொன்னதில்லை.

பலவேசம் காற்றாலை இறக்கை துடைக்கிற வேலை செய்தவன். அந்த வேலையில் ஒரு முறை உண்டு: மேலே ஏறியவன், அவனை ஏற்றிவிட்டவன் கீழே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் இறங்க வேண்டும். கீழே பிரேக்கைப் பிடித்திருப்பவன் அறியாமல் மேலே இருப்பவன் அசைந்தால் இறக்கை அவனை எங்கே தூக்கிக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே பசித்தாலும் மழை அடித்தாலும் கயிற்றில் தொங்கியபடி பேர் காதில் விழும்வரை இருக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே வேலை. அவனுக்குக் கீழே பல வருஷம் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டவன் குமரேசன். உயரத்துக்குப் பயப்படாத ஆள் வேண்டும் என்று சினிமாக்காரர்கள் கேட்டபோது பலவேசத்தைக் காட்டிவிட்டவனும் அவன்தான்.

கடைசி நாளன்று, அப்போது உதவி இயக்குநராக இருந்த தியாகு என்பவர் அவனை மதிலின் நாலாவது பல்லுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, "நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, கேமரா இருந்த தொலைவுக்குப் போனார். மேகம் விலகக் காத்திருந்தார்கள். மேகம் விலகியது. ஷாட் ஓகே என்று அந்தத் தொலைவிலேயே கைதட்டினார்கள், பிறகு சாப்பாட்டுக்கு விட்டார்கள், எல்லோரும் பந்தலுக்குப் போனார்கள், குமரேசனும் தட்டோடு வரிசையில் நின்றான். பலவேசத்தை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அங்கே அவன் பேர் காவல் மூன்று. அவன் நின்றான். ஆடி மாதத்துக் காற்று சாந்துப் பல்லையும் அவனையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று.

சாப்பாட்டுக்கு விட்ட பிறகும் அவராகவே மேலே நின்றார் என்று கம்பெனியில் சொன்னார்கள். அப்படித்தான் எழுதிக்கொண்டும் போனார்கள். அவன் சட்டையையும் செருப்பையும் தூக்குவாளியையும் ஒரு சாக்கில் போட்டு வடிவிடம் கொடுத்தபோது, பதற்றத்தில் யாரோ, கடைசி ஷாட் முடிந்ததும் உடைப்பதற்காக வாங்கி வைத்திருந்த பூசணிக்காயையும் அதே சாக்கில் போட்டுவிட்டிருந்தார்கள். சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி. அதை அவளால் நறுக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. அது புறவாசலில் கிடந்து அழுகி, முளைத்து, குளிப்பறைத் தகரத்தின் மேல் ஏறிக் காய்த்தது. அந்தக் காய்களை ஊரில் யாரும் கேட்டதில்லை.

நிழலில் அவனை முதன்முதல் கண்ட நாளிலேயே வடிவு கூப்பிட்டுப் பார்த்தாள். "எறங்கி வாங்க. கேக்குதா? எறங்கி வாங்க" என்றுதான் கூப்பிட்டாள், புருஷன் பேரைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. குமரேசன் பேரைச் சொல்லியே கூப்பிட்டான், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். நிழல் அசையவில்லை. "நாங்க ஏத்திவிடலியே மைனி" என்றான் அவன். "ஏத்திவிட்டவர்லா கூப்பிடணும்." ஏற்றிவிட்ட தியாகு அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் மதில் நீண்டு நீண்டு வடிவின் வீட்டு வாசலுக்கு வரும். ஈட்டியின் முனை முதலில் படியைத் தொடும், பிறகு அவன் தலை, பிறகு தோள். வலது தோள் கயிறு இழுத்து இழுத்துச் சற்றுத் தாழ்ந்திருக்கும். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளே நுழைவதற்குள் இருட்டிவிடும்.

நான்காம் பாகம் எடுக்க அவர்கள் திரும்பி வந்தபோது தியாகு இயக்குநர் ஆகியிருந்தார், காதோரம் நரைத்திருந்தது. முன்பைவிடப் பெரிய கோட்டைக்குத் திட்டம் போட்டு, வெள்ளோட்டமாக ஒரே ஒரு சுவரை நட்டு நிறுத்திப் பார்த்தார்கள். இல்லாத கோட்டையின் நிழல் இருக்கிற சுவரின் மேல் ஏறிக்கொண்டது.

"கம்ப்யூட்டர்ல அழிச்சிரலாமே சார்?" என்றான் குமரேசன்.

"அழிச்சுப் பாத்தாச்சுய்யா" என்றார் சடகோபன். அவர் கம்பெனியின் மேனேஜர். எப்போதும் கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றியிருந்தார். "ஒரு ஷாட்ல போகுது. அடுத்த ஷாட்ல வந்து உக்காந்துக்குது."

மேனேஜர் ஊராரிடம் பேசினார். பஞ்சாயத்துத் தலைவர் கோயில்பிச்சை மதிலின் நடுவில் நாற்காலி போடச் சொன்னார், ஊர் நிழலில் கூடியது. நிழல் போய்விட்டால் இங்கே ஒரு நகரமே கட்டுவோம், மழைக்காலம்வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலை இருக்கும் என்றார் சடகோபன்.

"முருங்கைக்கீரைய எங்கன காயப்போட? ஒங்க தலையிலயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஏட்டி, புதுக்கோட்டை கட்டுனா அதுக்கும் ஒரு நெழல் இருக்கும்லா?"

"அது பிரிச்சிக்கிட்டுப் போற வரைக்குந்தான?"

"போன தடவ பிரிச்சிக்கிட்டுப் போகும்போது நெழல விட்டுட்டுத்தானே போனான்? இந்தத் தடவ மட்டும் மறக்காம கட்டி எடுத்துக்கிட்டா போவான்?"

சிரித்தார்கள். பேசிப் பேசி, கீரையைவிட வேலை மேல் என்ற பக்கமே ஊர் சாய்ந்தது. எலுமிச்சைக் கூடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த வடிவு, "மேல நிக்குதாவளே, அவியளுக்கு என்ன செய்யப்போறிய?" என்று கேட்டாள். சிரிப்பு நின்றது. கோயில்பிச்சை நாற்காலியை மடக்கச் சொன்னார். கூட்டம் எழுந்து வாசல் வழியாகக் கலைந்தது.

லைட் தூக்குகிற ஆள் ஒருவனுக்குத்தான் அது நினைவு வந்தது. அன்றைக்குப் பூசணிக்காய் உடைக்கவில்லை சார், அதனால்தான் இது கலையாமல் கிடக்கிறது, என்றான். அவ்வளவுதானே என்று சடகோபன் உடனே நாகர்கோவிலுக்கு வண்டி அனுப்பி ஒரு காய் வாங்கிவரச் செய்து, குங்குமம் தடவி, சூடம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி மதிலடியில் ஓங்கி உடைத்தார். மதிலின் மூன்றாவது பல் நிழலிலிருந்து உதிர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. அதுவரை கருப்பாக இருந்த இடத்தில் வெயில் வந்து விழுந்தது, அவ்வளவுதான். அடுத்த பல்லின் பக்கத்தில் பிடித்திருந்த ஈட்டி நடுங்கி நின்றது. வடிவின் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!" என்று அவள் ஓடிவந்ததில், அத்தனை வருஷத்தில் முதல்முறையாக, மதிலைக் குறுக்கே மிதித்துவிட்டாள்.

கடைக்காய்க்கு அவ்வளவுதான் பலம் என்றும், அன்றைக்கு உடைக்காமல் விட்டது எதுவோ அதை உடைத்தால்தான் முழுவதும் போகும் என்றும், அது இப்போது யார் வீட்டுத் தகரத்தின் மேல் கிடக்கிறது என்றும் ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் புரிந்துகொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம், வெயில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கோயில்பிச்சையும் சடகோபனும் வடிவின் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். தியாகு அவர்களுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கையில் மெகாஃபோன் இருந்தது. அன்று முழுவதும் வேலை பார்த்துவிட்டு அப்படியே வந்திருந்தார்.

"ஊரு முடிவு எடுத்தாச்சும்மா" என்றார் கோயில்பிச்சை. "ஒரே ஒரு காய்."

"காய் இருக்கு தலைவரே. ஒடச்சா செவுரு போயிரும். செவுரு போனா அவிய எதுல நிப்பாவ?"

கோயில்பிச்சை சடகோபனைத் திரும்பிப் பார்த்தார்.

"மொதத் தடவ விழுந்தத நான் பாக்கல. சோறு வடிச்சிக்கிட்டு இருந்தேன். இப்ப நானே காயக் குடுத்து, இன்னொரு தடவ விழ வுட்டு, அத நின்னு பாக்கணுமா?"

"அம்மா, அது வெறும் நிழலும்மா" என்றார் சடகோபன்.

"நெழலுதான். அதுக்காவத்தான நீங்க மெட்ராஸ்லேர்ந்து வந்து என் வாசல்ல நிக்கிய?"

குமரேசன் ஆட்டோவை அணைத்துவிட்டு வந்து வேலியோரம் நின்றான். பொட்டலில் அன்றைக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்களும் ஒவ்வொருவராகக் கூடினார்கள். வடிவு புறவாசலுக்குப் போய், தகரத்தின் மேல் இருந்ததில் முற்றிய காய் ஒன்றைக் காம்போடு அறுத்து, சாம்பல் முந்தானையில் ஒட்ட இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"தாறேன். ஏத்திவிட்டவரு பேரச் சொல்லி எறக்கட்டும். அவிய எறங்கி, கால் தரையில பட்டப்பெறவு தாறேன்."

சடகோபன் தியாகுவைத் தனியே இழுத்தார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "சார், சுத்தி அத்தனை பேரும் ஃபோனைத் தூக்கிட்டு நிக்கறாங்க. அவரா நின்னாருன்னுதான் நாம சொல்லியிருக்கோம். இப்ப நீங்க போய் எறங்குங்கன்னா, அப்போ நீங்க நிக்க வெச்சதா ஆயிடும்."

"தெரியும்" என்றார் தியாகு.

"வெயில் வேற போகுது. முதல்ல காயை வாங்கி உடைச்சிட்டு..."

"நான்தான் நிக்க வெச்சேன் சடகோபன்."

அவர் முற்றத்துக்கு வந்தார். வடிவுக்கு முன்னால் நின்று, மெகாஃபோனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "அவர் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

வேலியோரத்திலிருந்து குமரேசன் சொல்ல வாயெடுத்தான். வடிவு கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"பலவேசம்" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் வராத பேர். வந்தபிறகு, அது சரியாக வந்ததா என்று பார்ப்பதுபோல் இன்னொரு தரம் சொன்னாள். "பலவேசம்."

எல்லோரும் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு மதிலடிக்குப் போனார்கள். சூரியன் மலைக்கு ஒரு முழம் மேலே நின்றது, மதில் பொட்டல் முழுதும் நீண்டு கிடந்தது, காற்றாலைகளின் இறக்கைகள் அதன் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. தியாகு மெகாஃபோனை வாயருகே கொண்டுபோனார், பிறகு என்ன நினைத்தாரோ, அதைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் கூப்பிட்டார்.

"பலவேசம் அண்ணே! ஷாட் முடிஞ்சிருச்சு. எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. நான் சொல்லாம விட்டுட்டேன். இறங்கி வாங்க."

கிழக்கே, மதிலின் நுனியில், நாலாவது பல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நிழல் முதலில் தலையைத் திருப்பியது. பிறகு ஈட்டியைப் பல்லின் மேல் சாய்த்து வைத்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றவர்கள் செய்வதுபோல் ஒரு காலை உதறியது, பிறகு மற்றக் காலை. பிறகு மதிலுக்குப் பின்னால் தாழ்ந்து மறைந்தது. ஃபோன்களைத் தூக்கியிருந்தவர்கள் எப்போது இறக்கினார்கள் என்று தெரியவில்லை. அந்த மதிலுக்கு உள்ளே எத்தனை படி உண்டு, ஏணி உண்டா கயிறு உண்டா என்பதெல்லாம் யாருக்கும் நினைவில்லை, ஆகவே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்றும் தெரியவில்லை. சூரியன் மலையைத் தொட்டது. சடகோபன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வடிவு காயை இறக்கி வைக்காமல் நின்றாள்.

கோட்டைவாசலாக வெயில் வளைந்து விழுந்துகிடந்த அந்த இடத்தில் ஒரு ஆளின் நிழல் வந்து விழுந்தது.

வலது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது. குமரேசன், பழக்கத்தில், "எறங்கியாச்சு, பிரேக்க விடலாம்" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

வடிவு காயைத் தியாகுவிடம் கொடுத்தாள். குங்குமமும் இல்லை, சூடமும் இல்லை. அவர் அதைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டு உடைத்தார். வெள்ளைச் சதையும் விதைகளும் மண்ணில் சிதறின. மதில் போயிற்று, இரண்டு கோபுரங்களும் போயின, அத்தனை வருஷம் வெயில் காணாத தரையின் மேல் அந்தியின் மஞ்சள் வெயில் ஒரேயடியாக விரிந்தது, பொட்டல் அவ்வளவு பெரியது என்பதை ஊரார் மறந்துபோயிருந்தார்கள். அதன் நடுவில், மேலே ஆளில்லாமல், ஒரே ஒருவனின் நிழல் மட்டும் நீளமாகக் கிடந்தது. அது கிழக்கே நடக்கத் தொடங்கியது.

வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முந்தின நாள் வந்த ஈரோட்டுக்காரி ஒருநாள் கூடுதலாகத் தங்கியிருந்தாள், அவளும் மகள்களை அணைத்துக்கொண்டு ஒதுங்கினாள். வடிவு அதன் காலை மிதிக்காமல், ஓரடி பின்னாலேயே நடந்தாள், வேலைவிட்டு வருகிறவர்களுக்குப் பின்னால் பெண்கள் நடப்பதைப்போல, வேகமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல். முற்றத்தைத் தாண்டி, படியைத் தாண்டி, திறந்திருந்த கதவு வழியாக அது வீட்டுக்குள் போயிற்று. அவளும் போனாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது, எல்லா நிழல்களும் ஒன்றாயின.

மறுநாள் காலையிலேயே லாரிகள் வந்துவிட்டன. பொட்டலில் கம்பு நடக் குழி தோண்டினார்கள், ஊரில் பாதிப்பேர் அங்கே நின்றார்கள், முருங்கைக்கீரை கோணியில் கட்டியபடி கிடந்தது. ஆடுகள் லாரிகளின் அடியில் போய்ப் படுத்தன. மத்தியானத்துக்குமேல் குமரேசன் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டான். அவர்கள் ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்கள்.

"இங்க ஒண்ணுமே இல்லியேண்ணே?"

"நேத்து வரைக்கும் இருந்திச்சு அண்ணாச்சி."

"அந்தக் காவலன்?"

"ட்யூட்டி முடிஞ்சி வீட்டுக்குப் போயிட்டாவ. வாங்க, எடத்தையாவது பாத்துட்டுப் போங்க. அங்கன இல்ல, இந்த வழியா வாங்க, இதுதான் வாசல்" என்று அவன் வெறும் வெயிலில் அவர்களைத் தெற்கே சுற்றி அழைத்துப் போனான். அவர்களும் கேள்வி கேட்காமல் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

வடிவு வழக்கமான இடத்தில் பானையை இறக்கி வைத்திருந்தாள். தலையில் துண்டைப் போட்டிருந்தாள். குழி தோண்டுகிற இரண்டு பேர் வந்து தண்ணீர் கேட்டார்கள், அவர்களுக்கு மோர் ஊற்றினாள், திண்டுக்கல்காரர்களுக்கும் ஊற்றினாள். அவர்கள் குடித்துக்கொண்டே, நான்காம் பாகத்தில் அவன் திரும்பி வருவானா மாட்டானா என்று தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள். அவள் ஸ்டூலின் மேலிருந்த எலுமிச்சைக் கூடையை எடுத்துத் தரையில் வைத்தாள். சேலைத் தலைப்பால் ஸ்டூலைத் துடைத்தாள். பிறகு அதில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அடுத்த தம்ளரைக் கழுவ எடுத்தாள்.